ஹென்னிங்கின் தொடையில் பட்ட கால்

மேனுஜா "இருக்கலாம்" என்று சொன்னது ஒரேயொரு தடவைதான். அதுவும் வாயில் பாதி ரோல்ஸ் இருந்த நேரத்தில்.

டிசம்பர் பதினான்காம் திகதி, சனிக்கிழமை. இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊரின் தமிழர் மன்றக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றார்கள். மன்றத்தின் தலைவர் பாலேந்திரா அவளைத் தேடி வந்தார். வியாழக்கிழமைகளில் அவள் போகும் அந்தக் கொரியச் சண்டைக் கலை, காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்ததுதானே என்று கேட்டார். அவள் மென்றுகொண்டே அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். விழுங்கிய பிறகு இன்னும் இரண்டு வசனம் சேர்த்துச் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மன்றத்தின் வாட்ஸப் குழுவில் அறிவித்தல் வந்தது. "ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்த தமிழரின் தற்காப்புக் கலை, கொரியா வழியாக இக்காஸ்ட் வருகிறது. பொங்கல் விழா மேடையில் செயல்விளக்கம். விளக்கவுரை: செல்வி மேனுஜா தேவராசா." வகுப்பில் சேர விரும்புவோர் பெயர் தரலாம் என்றும் கீழே இருந்தது. மாலை ஆறு மணிக்குள் ஒன்பது பெயர்கள் விழுந்திருந்தன.

அந்த ஒன்பது பேர் மேனுஜாவுக்குத் தேவைப்பட்டார்கள். அதுதான் சிக்கல்.

தெக்கியோன் வகுப்பு இருந்தது ஊர்ப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், வியாழன் மாலை ஏழு முதல் ஒன்பது வரை. தெக்கியோன் என்றால் பலரும் டைக்குவாண்டோ என்றே நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. இதில் வெள்ளைச் சட்டை, நிறநிறமான பட்டி எதுவும் கிடையாது. கையால் குத்துவதும் கிடையாது. முழங்காலைத் தளரவிட்டு, தரையில் முக்கோணம் போடுவதுபோல் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே நிற்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடுவதுபோல் தெரியும். எதிராளியைக் காலால் தட்டியோ தள்ளியோ விழுத்தினால் வெற்றி. காலால் தலையைத் தொட்டாலும் வெற்றி.

சொல்லிக்கொடுத்தவள் கமிலா. முப்பத்தெட்டு வயது. பகலில் ஒரு பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். எட்டு மாதக் குழந்தையாகக் கொரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு வந்து, ஒரு பன்றிப் பண்ணையில் வளர்ந்தவள். கொரிய மொழி அவளுக்குத் தெரியாது. நான்கு கோடை விடுமுறைகளில் அங்கே போய் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டு வந்து, பாடசாலை மண்டபத்தில் வகுப்புத் தொடங்கியிருந்தாள்.

மேனுஜா அதற்கு முன் மூன்று மாலை வகுப்புகளில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டவள். ஸ்பானிய மொழி, மட்பாண்டம், தையல். மூன்றிலும் மற்றவர்களுக்கு ஏதோ முன்பே தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. தெக்கியோனில் யாருக்கும் எதுவும் தெரியாது. அது ஒரு நிம்மதி. இன்னொரு காரணத்தை அவள் எவரிடமும் சொல்லவில்லை. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் பால் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. விதிப்படி ஒரு மாதிரியை இரண்டு தடவை சோதித்தால் போதும். அவள் மூன்று தடவை சோதிப்பாள், பிறகு வீட்டுக்கு வந்து மூன்றாவதைச் சரியாகப் பார்த்தோமா என்று யோசிப்பாள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்கும்போது மட்டும் அந்த யோசனை நின்றுபோனது. இரண்டு செக்கன், கூடினால் மூன்று. வாரம் முழுவதும் அந்த மூன்று செக்கனுக்காகத்தான் அவள் வியாழக்கிழமையை எதிர்பார்த்திருந்தாள்.

நவம்பரில் மாலைப் பள்ளி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் ஆறு பேர்தான் இருக்கிறார்கள். குறைந்தது பத்துப் பேர் இல்லையென்றால் அடுத்த தவணைக்கு மண்டபம் இல்லை. பதிவு செய்யக் கடைசி நாள் ஜனவரி இருபத்துநான்கு, வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி.

பாலேந்திராவிடம் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதற்கு வகுப்பை நிரப்பும் எண்ணம் காரணம் அல்ல. அவளுக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம் இருந்தது.

தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும்போல, கால் ஒருவர் மேல் பட்டுவிட்டால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவளுக்கும் தானாக வரும். வகுப்பில் சேர்ந்த புதிதில் அது பெரிய தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் குனிய வேண்டியிருந்தது. ஆனால் அக்டோபர் வந்தபோது வகுப்பில் எல்லோருமே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஹென்னிங் செய்தார். கமிலாவும் செய்தாள். கொரியர்களுக்கும் இந்த வழக்கம் உண்டாக்கும் என்று மேனுஜா கண்டுகொண்டபோது, அவளுக்கு ஆறுதலும் ஆச்சரியமுமாக இருந்தது. காலைத் தாழ்வாக நினைக்கிற சனம் உலகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் இடையில் ஏதாவது இருக்கலாம்தானே?

டிசம்பர் கடைசியில், நத்தார் விடுமுறையில் அவள் தேடத் தொடங்கினாள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் குறிப்பெழுதும் நீலக் கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று நிரல் கீறினாள். "நிச்சயம்", "சொல்கிறார்கள்", "தெரியாது."

முதல் நிரல் மெதுவாகத்தான் நிறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் தொகுத்த ஒரு கொரியச் சொற்கோவையில் இந்தப் பெயர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் ஊர்ச்சனம் வட்டமாகக் கூடியிருக்க, நடுவில் இரண்டு பேர் மல்லுக்கட்ட, இரண்டு பேர் காலாட்டம் ஆடுகிறார்கள். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஆட்டம் ஏறக்குறைய இல்லாமற் போனது. சியோல் நகரத்துப் பழைய தெரு ஒன்றில் சிறுவயதில் ஆடிய ஒருவர் தன் முதுமைவரை அதை மறக்காமல் இருந்தார். 1983இல் அரசு அதை நாட்டின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2011இல் ஐக்கிய நாடுகளின் பண்பாட்டுப் பட்டியலில் ஏறியது.

இரண்டாம் நிரல் மளமளவென்று நிறைந்தது. இரண்டாயிரம் வருடப் பழமை. அரசர்களின் கல்லறைச் சுவரில் எதிரெதிரே நிற்கும் இரண்டு உருவங்கள்; சிலர் அது சண்டை என்றார்கள், சிலர் மல்யுத்தம் என்றார்கள், ஒருவர் நடனம் என்றார். பழைய நூல்களில் வரும் வேறொரு கைச்சண்டையின் பேரப்பிள்ளை என்றார்கள். இல்லை, சம்பந்தமே கிடையாது என்றும் எழுதினார்கள். கொரியாவிலேயே இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன, எது சரியான மிதி என்பதில் அவற்றுக்குள் இணக்கம் இல்லை. இக்காஸ்டில் இரண்டு தமிழர் மன்றங்கள் இருந்தபடியால் இது மட்டும் அவளுக்கு உடனே விளங்கியது.

போதிதர்மரை அவள் நான்கு நாள் தேடினாள். தெற்கிலிருந்து போன துறவி என்று ஒரு பழைய குறிப்பு சொன்னது. மேற்கிலிருந்து வந்தவர் என்று இன்னொன்று சொன்னது. அவரைச் சண்டைப் பயிற்சியோடு சேர்க்கும் நூல் அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்குப் பிறகு எழுதப்பட்டதாம். சீன மடத்திலிருந்து கொரியத் தெருவுக்கு எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லாதபடியால் இல்லை என்று ஆகுமா? அவள் போதிதர்மரை இரண்டாம் நிரலில் எழுதி, அழித்து, மூன்றாவதில் எழுதி, அதையும் அழித்தாள். அந்த இடத்தில் தாள் மெலிந்துபோனது.

ஜனவரி முதல் ஞாயிறு பாலேந்திரா அவள் வீட்டுக்கே வந்தார். கையில், அவள் மேடையில் வாசிக்க ஐந்து பக்க உரை. தானே இருந்து தட்டச்சுச் செய்ததாகச் சொன்னார். மேனுஜாவின் தாய் தங்கமலர் தேநீர் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

"மாமா, நான் இருக்கலாம் எண்டுதான் சொன்னனான்" என்றாள் மேனுஜா.

"அதைத்தானே நானும் போட்டிருக்கிறன்."

"நீங்கள் 'வருகிறது' எண்டு போட்டிருக்கிறியள்."

"இருக்கலாம் எண்டு போட்டால் ஆர் பிள்ளை வருவினம்?"

ஒன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள் என்பது உண்மை. பாலேந்திரா கெட்டவர் அல்ல. முப்பது வருடம் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்தபடியே தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர். மேனுஜா ஆனா ஆவன்னா எழுதியது அவர் பிடித்துக்கொடுத்த வகுப்பறையில்தான். அவர் அந்த ஆட்டத்தின் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். விதிகளில் அவளுக்குச் சந்தேகம் இல்லாதபடியால் ஆர்வமாகச் சொன்னாள். எப்போதும் ஒரு கால் எதிராளிக்கு எட்டுகிற தூரத்தில் முன்னுக்கு இருக்க வேண்டும். பின்வாங்கிப் பின்வாங்கி ஆட முடியாது. அந்த விதிக்குக் கொரிய மொழியில் உள்ள பெயருக்கு விருந்தாளியை உபசரிப்பது என்று அர்த்தமாம்.

பாலேந்திரா கோப்பையைக் கீழே வைத்தார். "விருந்தோம்பல். பாத்தீரோ? அடிக்க வாறவனுக்கே காலைக் குடுத்து உபசரிக்கிற சனம் வேறை ஆர் இருக்கினம்?"

"எங்கடை சனத்துக்குக் காலை வாரத்தான் தெரியும்" என்றது குசினிக்குள்ளிருந்து தங்கமலரின் குரல்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் விருந்தோம்பல் என்று எழுதி, கீழே கோடும் போட்டார்.

ஒன்பதாம் திகதி வியாழன், விழாவுக்கான முதல் ஒத்திகை. மற்றவர்கள் போன பிறகு மேனுஜா தன் மூன்று நிரல்களையும் கமிலாவிடம் காட்டி டேனிஷில் வாசித்துச் சொன்னாள். முதல் நாள் வகுப்பில் இரண்டாயிரம் வருடம் என்று சொன்னீர்களே, அதை எந்த நிரலில் போடுவது என்று கேட்டாள்.

"அது எனக்கு அங்கே கொடுத்த டீ-சேர்ட்டின் முதுகில் அச்சடித்திருந்தது" என்றாள் கமிலா. சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெத்தையை உருட்டத் தொடங்கினாள். உருட்டியபடியே, தன்னைப் பற்றிய கோப்பு ஒன்று வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். ஒரு காவல் நிலைய வாசலில் கிடந்த குழந்தை என்று அதில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் எழுதிக் கேட்டபோது கொரியாவிலிருந்து இன்னொரு கோப்பு வந்தது. அதில், தாய் தானே கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கிறது. பிறந்த திகதியும் வேறு. "இரண்டிலும் முத்திரை இருக்கிறது, மேனுஜா. உன்னுடைய கொப்பியில் எனக்கு எந்த நிரல்?"

மேனுஜா பேனையை மூடினாள். அவள் வந்தது ஒரு விடைக்காக. இப்போது கேள்வி ஒன்று கூடியிருந்தது.

உரையில் தன் பங்குக்கு ஒரு உண்மையான விடயமாவது இருக்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள். அந்தத் தொட்டு ஒற்றும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லலாம். அதைத் தன் கண்ணால் கண்டிருக்கிறாள். அதற்குக் கொரியப் பெயர் தெரிந்தால் நன்றாக இருக்கும். ஆகவே பதினாறாம் திகதி, கடைசி ஒத்திகையில், எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றும்போது கேட்டாள்.

கமிலாவுக்கு எதைக் கேட்கிறாள் என்றே விளங்கவில்லை. மேனுஜா செய்து காட்டினாள்.

"ஓ, அதுவா? அது ஹென்னிங் கொண்டுவந்தது அல்லவா? அவர் நிறைய வாசிக்கிறவர், எங்கேயோ படித்திருப்பார் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை."

ஹென்னிங் கோப்பியை இறக்கி வைத்தார். "நானா? நான் மேனுஜாவைப் பார்த்தல்லவா செய்தேன்."

இரண்டாம் வகுப்பில் அவள் கால் தன் தொடையில் பட்டது என்றார். அவள் குனிந்து தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். விதிமுறைகளை ஒழுங்காக வாசித்துவிட்டு வந்த ஒரே ஆள் இந்தப் பெண்தான் போலிருக்கிறது, நாமும் மரியாதை இல்லாமல் நடக்கக் கூடாது என்று தனக்குத் தோன்றியதாம்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனுஜாவால் முடியவில்லை. பையிலிருந்து நீலக் கொப்பியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள்.

செப்டம்பர் 12: "என் கால் ஹென்னிங்கின் தொடையில் பட்டது. தொட்டுக் கும்பிட்டேன். வெட்கம். இனிச் செய்யக் கூடாது."

செப்டம்பர் 26: "ஹென்னிங்கும் செய்தார். என்னைக் கேலி செய்கிறாரோ?"

அக்டோபர் 3: "நான்கு பேர் செய்தார்கள். கேலி இல்லை."

அக்டோபர் 10: "கமிலாவும் செய்தாள். அப்படியென்றால் இது கொரிய மரபு."

எல்லாமே அவள் கையெழுத்து. ஒரு வரியும் பொய் இல்லை. கடைசி வரி மட்டும் முழுப் பிழை, அதையும் திகதி போட்டு எழுதியிருந்தாள். நடந்ததை நடந்த இரவே எழுதி வைக்கிற ஆளே நான்கு வாரத்துக்குள் இப்படி ஏமாறினால், நூறு வருடத்துக்குப் பிறகு ஞாபகத்திலிருந்து சொன்னவர்களை எப்படிக் குறை சொல்வது? அவர்களை நம்புவதுதான் எப்படி?

சனிக்கிழமை மேடையில் அதைச் செய்யாமல் விட்டுவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டாள். சரி என்றார்கள். ஹென்னிங் மட்டும், முயற்சி செய்கிறேன், ஆனால் கை இப்போது தானாகப் போகிறது என்றார்.

பதினெட்டாம் திகதி விழா, வழமைபோல் முக்கால் மணி நேரம் பிந்தியது. நடனப் பிள்ளைகள் முடித்த பிறகு மெத்தை விரித்தார்கள். மேடையின் இடது பக்கம் ஒரு மேசை. அதில் பதிவுப் படிவங்களும் ஒன்பது பேரின் பட்டியலும் பாலேந்திராவின் கைபேசியும். பொங்கலைக் கடதாசித் தட்டில் சாப்பிட்டுவிட்டு, வகுப்புக்காரர்கள் வெறுங்காலோடு மேடை ஏறினார்கள்.

ஆட்டம் நன்றாகவே போனது. கமிலா முழங்காலை மடித்து நிமிர்ந்து மிதித்தபோது பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் ஒரு காலை முன்னுக்கு வைத்தாள். எதிரே நின்றவன் அதைத் தட்டப் போன நேரம், அந்தக் கால் அங்கே இல்லை. ஆள் மெத்தையில் கிடந்தான். சனம் கைதட்டியது. ஹென்னிங் முதல் இரண்டு சுற்றிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமாளித்தார். மூன்றாம் சுற்றில் அவர் கால் கமிலாவின் தோளில் உரசியது. உடனே குனிந்தார், தோளைத் தொட்டார், இரண்டு கண்ணிலும் ஒற்றினார். அடுத்த கணம் கமிலா அவரைத் தள்ளி விழுத்தினாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

மண்டபம் சலசலத்தது. முன்வரிசையில் பாலேந்திரா எழுந்து சனத்தின் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தியளே? இந்த வெள்ளைக்காரனுக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே தமிழ் ஆள் மேனுஜாதான். ஒலிவாங்கி அவள் கைக்கு வந்தது. மற்றக் கையில் ஐந்து பக்கம். அதை வாசித்தால் போதும். பெயர் கொடுத்தவர்கள் எழும்பி வந்து படிவத்தை நிரப்புவார்கள், வகுப்பு இருக்கும், வியாழக்கிழமை இருக்கும். மெத்தையின் ஓரத்தில் கமிலா மூச்சு வாங்கியபடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என்ன சொன்னாலும் அவளுக்கு விளங்கப்போவதில்லை. அந்த நினைப்புத்தான் மேனுஜாவை வாசிக்க விடாமல் தடுத்தது. ஏன் தடுத்தது என்று பின்னர் எத்தனை தரம் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"நான்தான் சொல்லிக் குடுத்தனான்" என்றாள்.

பிறகு நீலக் கொப்பியைத் திறந்து நான்கு திகதிகளையும் வாசித்தாள். "வெட்கம்" என்ற இடத்தில் சனம் சிரித்தது. கமிலாவின் பெயர் வந்த இடத்தில் இன்னும் சிரித்தது. முதல் நிரலில் இருந்ததை இரண்டு நிமிடத்தில் சொன்னாள். போதிதர்மரைப் பற்றி நான்கு நாள் தேடியதாகவும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தான் ஒழுங்காகத் தேடவில்லையோ என்றும் தெரியவில்லை, கொரிய மொழியில் இருந்தால் தனக்கு வாசிக்கத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னாள். அங்கங்கே கைதட்டல் கேட்டது. அது எதற்கு என்று கைதட்டியவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பாலேந்திரா ஒலிவாங்கியை வாங்கினார். பிள்ளை அடக்கமாகப் பேசுகிறது, தேடல் இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்கிறது என்று சனத்துக்கு விளக்கினார். அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார். மேடையை விட்டு இறங்கும்போது அவளைக் கடந்துதான் போனார். முகம் பார்க்கவில்லை.

விழா முடிந்தபோது மேசையில் மூன்று படிவங்கள் நிரப்பிக் கிடந்தன. வயோதிபர் இல்லத்தில் ஒன்றாக வேலை செய்யும் துவாரகாவும் அவள் மச்சாளும். மூன்றாவது கஜதீபன் என்று ஒருவன், தான் பிந்தி வந்ததால் பேச்சைக் கேட்கவில்லை என்றும் அந்த விழுத்தினது நல்லாயிருந்தது என்றும் சொன்னான். ஆறும் மூன்றும் ஒன்பது.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் கமிலா தன் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சனம் ஏன் சிரித்தது என்று கேட்டாள். மேனுஜா எல்லாவற்றையும் சொன்னாள், அறிவித்தலில் தொடங்கி, ஐந்து பக்கம்வரை. கமிலா சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். கண்ணாடி முழுவதும் துப்புரவான பிறகும் கொஞ்ச நேரம் சுரண்டினாள்.

"என் கோப்பை எழுதினவர்களில் ஒருவராவது இப்படி ஒரு மேடையில் ஏறியிருந்தால்" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். பிறகு, "ஒன்று குறைகிறது" என்றாள். கோபமா, நன்றியா என்று அந்தக் குரலிலிருந்து மேனுஜாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கள் முதல் வியாழன்வரை அவள் தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டாள். ஆய்வுகூடத்தில் கேட்டாள். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் சித்தியின் மகளிடம்கூட, நான்கு மணித்தியாலம் ரயிலில் வர வேண்டும் என்பதை மறந்து கேட்டாள். ஒருவரும் இல்லை. தான் செய்தது சரியென்று ஒரு நாள் எழுதினாள், பிழையென்று அடுத்த நாள் எழுதினாள். வகுப்பு மூடப்பட்டால் இரண்டில் எது சரி என்பதற்கு அர்த்தமே இல்லை என்று மூன்றாம் நாள் எழுதினாள். அம்மாவிடம் கேட்டபோது தங்கமலர், பாலேந்திரா கடையில் கண்டும் காணாததுபோல் போனார் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, நண்பகலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, கமிலா ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பத்து" என்றாள். "அலுவலகத்திலிருந்து இப்போதுதான் சொன்னார்கள். ஆண், அறுபத்தொரு வயது. பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. முன் அனுபவம் என்ற இடத்தில் ஆயிரத்தைந்நூறு வருடம் என்று எழுதியிருக்கிறார். அது தட்டச்சுப் பிழையா?"

மேனுஜா மாதிரிக் குழாயைத் தாங்கியில் வைத்தாள். வைத்தோமா என்று இரண்டாம் தடவை பார்த்தாள். இல்லை, பிழை இல்லை, அவர் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று கமிலாவிடம் சொன்னாள்.

"சண்டைக்குத்தான் வாறார்" என்றார் தங்கமலர் அன்று மாலை.

"அது சண்டை வகுப்புத்தானே, அம்மா."

ஆனால் அவளுக்கும் விளங்கவில்லை. அவளைப் பிழையென்று நிரூபிக்க வருகிறாரா, பிள்ளையின் வகுப்பு மூடப்படக் கூடாது என்று வருகிறாரா, ஹென்னிங் விழுந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறாரா? மூன்றையும் கொப்பியில் எழுதி, எதிரே இடம் விட்டாள்.

ஜனவரி முப்பது, வியாழக்கிழமை. வகுப்புத் தொடங்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. மண்டபத்துக்கு வெளியே, சின்னப் பிள்ளைகள் உடுப்பு மாற்றும் உயரம் குறைந்த வாங்கில் பாலேந்திரா உட்கார்ந்திருந்தார். புது நீல ட்ராக் உடுப்பு, மடிப்பு இன்னும் கலையவில்லை. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு எட்டியிருந்தன. மடியில் ஒரு புதுக் கொப்பியும் பேனையும்.

அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், வாங்கு அவ்வளவு தாழ்வாக இருந்ததால் முடியவில்லை.

"உள்ளுக்குச் சப்பாத்துப் போடலாமோ பிள்ளை?"

"கழட்டோணும் மாமா. சொக்ஸும்."

அவர் குனிந்து நாடாவை அவிழ்த்தார். சொக்ஸைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருட்டிச் சப்பாத்துக்குள் வைத்தார். சீமெந்துத் தரை குளிர்ந்திருக்க வேண்டும். கால் விரல்களை மடித்துக்கொண்டார்.

"என்னைப்போலை வயசு போனாக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஹென்னிங்குக்கு அறுபத்தாறு."

"அவர் அண்டைக்கு விழுந்தவர்."

"ஒவ்வொரு கிழமையும் விழுறவர்."

பாலேந்திரா கதவுக் கண்ணாடியூடாக உள்ளே பார்த்தார். கமிலா தனியாக மெத்தைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கொப்பியை எடுத்தார், பிறகு அதையும் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முதல் நாளே விழுத்துவினமோ?"

"ஓம் மாமா" என்றாள் மேனுஜா. அவர் கையூன்றி எழும்ப, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.